கம்ப்ரஸர் ஆடட்டும், ஃபிரிட்ஜ் ஆடக் கூடாது

மூணு வாரமா அம்மா சரியாத் தூங்கல. காரணம், எங்க வீட்டு ஃபிரிட்ஜ்.

இதை எழுதறப்ப அந்தப் பிரச்சினை தீர்ந்து நாலு நாள் ஆகுது. அந்தச் சந்தோஷத்துலதான் எழுத உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளமாப் போகும். டீ போட்டு எடுத்துகிட்டு வந்துடுங்க.

சமையக்கட்டுல தரையைப் பேத்துட்டு டைல்ஸ் போடற வேலை ஆரம்பிச்சோம். (எங்க விருத்தாசலம்னா பீங்கான் ஊரு. ஆனா டைல்ஸ் குஜராத்துல மோர்பியிலேருந்து வருது. எனக்கு அதுல இருக்கிற வருத்தத்தை இன்னொரு நாள் எழுதறேன்.) வேலை முடியற வரைக்கும் ஃபிரிட்ஜைக் கூடத்துக்கு நகர்த்தினோம். கூடத்து மூலையில ஃபிரிட்ஜ். எதிர்ச் சுவர்ல தலைமாடு வெச்சு அம்மாவோட கட்டில்.

முதல் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பினாங்க.

"ஏம்ப்பா, மோட்டார் ஏதாவது ஓடுதா?"

மோட்டார் இல்லம்மா, ஃபிரிட்ஜ்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். மறுநாளும் அதே கேள்வி. அதுக்கு மறுநாள் நானே கூடத்துல பாய் போட்டுப் படுத்துப் பார்த்தேன். அப்பதான் புரிஞ்சுது. "ம்ம்ம்ம்ம்"னு ஒரு முனகல். தரை வழியா வந்து தலையணைக்குள்ள ஏறுது. இருபது நிமிஷம் ஓடும். "டக்"குனு நிக்கும். அப்பாடான்னு கண்ணு சொருகற நேரத்துல திரும்ப "கடகட"ன்னு உதறிகிட்டுக் கிளம்பும்.

எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் ரயில்பாதை. விருத்தாசலம் ஜங்ஷன்னா சும்மா இல்ல. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர்னு நாலு பக்கமும் பிரியற இடம். ராத்திரி முழுக்க கூட்ஸ் வண்டி போகும். அம்பது வருஷமா அந்தச் சத்தத்துல அம்மா நிம்மதியாத் தூங்கறாங்க. அப்படிப்பட்டவங்களை ஒரு ஃபிரிட்ஜ் எழுப்புதுன்னா அதை வயசுக் கோளாறுன்னு ஒதுக்கிட முடியுமா? சத்தத்தை ஆராயறவங்களும் இதைத்தான் சொல்றாங்க. பலதும் கலந்து இரைச்சலா வர்ற சத்தத்தைவிட, ஒரே சுருதியில நிக்கற முனகல் அதிகமா உறுத்தும். அதுலயும் விட்டு விட்டு வந்தா மனசு பழகிக்கறதே இல்ல. ஃபிரிட்ஜ் ரெண்டையும் சேர்த்துப் பண்ணுது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், அஞ்சு நிமிஷம் நின்னு கேட்டார். "பதினோரு வருஷ ஃபிரிட்ஜு சார், கம்ப்ரஸர் தேய்ஞ்சு போச்சு. மாத்திடலாம்." ஆறாயிரத்துச் சொச்சம் சொன்னார். பின்பக்கம் குனிஞ்சுகூடப் பார்க்கல. யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம். சமையக்கட்டுல இருந்தவரைக்கும் இந்தச் சத்தம் இருந்துச்சா, இல்லையா? இருந்திருக்கும். மிக்ஸி, குக்கர், பேச்சுச் சத்தத்துல யாரும் கவனிச்சிருக்க மாட்டோம். இல்லன்னா நகர்த்தறப்ப ஏதோ ஆயிருக்கணும். வாசப்படி குறுகல்னு ஒரு நிமிஷம் ஃபிரிட்ஜைப் படுக்க வெச்சுத் தூக்கினோம். அது என் மனசுல உறுத்திகிட்டே இருந்துச்சு.

ஏன் உறுத்துச்சுன்னு சொல்லணும்னா கம்ப்ரஸருக்கு உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும்.

பின்னாடி கீழே கறுப்பா ஒரு இரும்புக் குண்டான் இருக்கும் பாருங்க. அது வெறும் ஓடுதான். ரெண்டு பாதியா அழுத்தி எடுத்து, நடுவுல வெல்டிங் வெச்சு மூடிடுவாங்க. உள்ள ஒரு மோட்டாரும், அதோட சேர்ந்த ஒரு சின்ன பிஸ்டனும். ரெண்டும் ஓட்டுல நேரா முடுக்கியிருக்காது. சுருள் ஸ்பிரிங் மேல மிதக்குது. தொட்டில் மாதிரின்னு வெச்சுக்கங்க. நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுல அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,900 சுத்து சுத்தும். அப்படின்னா நொடிக்கு 48 தடவை பிஸ்டன் போய் வருது. ஒவ்வொரு தடவையும் ஒரு உதை. அது போக மோட்டார்ல காந்தத்தோட இழுப்பு இருக்கு. கரண்ட் ஒரு சுற்று வர்றதுக்குள்ள ரெண்டு தடவை இழுக்கும். அதனால நொடிக்கு 100. அம்மா கேட்ட "ம்ம்ம்" பெரும்பாலும் அந்த 100 தான்.

இவ்வளவு உதையையும் உள்ளேயே வெச்சுக்கத்தான் அந்த ஸ்பிரிங். கேஸ் வெளியே போற குழாயைக்கூட நேரா விடாம, வளைச்சு வளைச்சு ஒரு கொடி மாதிரி விட்டிருப்பாங்க. நேரா இருந்தா அதிர்வு அந்த வழியாவே ஓட்டுக்கு வந்துடும். கேஸை உறிஞ்சற வாயில ஒரு மஃப்ளர் இருக்கும். பைக் சைலன்சர் பண்ற வேலைதான். பிஸ்டன் 'கப் கப்'னு உறிஞ்சற சத்தத்தை ஒரு அறைக்குள்ள விட்டுத் தணிக்கும். பழைய கம்ப்ரஸர்ல அது உலோகம், இப்ப பிளாஸ்டிக். (பிளாஸ்டிக்னதும் மட்டம்னு நினைக்காதீங்க. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, உள்ள வர்ற கேஸ் சில்லுன்னே இருக்கும். சத்தமும் குறையும், கரண்டும் மிச்சம்.) ஓடு முட்டை மாதிரி வளைஞ்சிருக்கிறதுக்கும் காரணம் இருக்கு. தட்டையான தகடு தாம்பாளம் மாதிரி அதிரும், வளைஞ்ச ஓடு விறைப்பா நிக்கும்.

ஃபிரிட்ஜைப் படுக்க வெச்சா அந்த ஸ்பிரிங் இடம் விட்டு நழுவ வாய்ப்பு உண்டு. அப்படி நழுவிட்டா உள்ள இரும்பும் இரும்பும் மோதும். வெல்டிங் வெச்சு மூடின குண்டானைத் திறந்து சரி பண்ண வழியில்ல. அதுதான் என் பயம்.

சரி, கையில இருக்கிறதை வெச்சு ஆரம்பிப்போம்னு இறங்கினேன்.

நான் செராமிக் காலேஜ்ல டிப்ளமோ படிச்சவன். பதினேழு வருஷமா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு பீங்கான் யூனிட்ல வேலை. எனக்குத் தெரிஞ்சது பீங்கான். ஃபிரிட்ஜ் கொஞ்சம் ஆடுச்சு, ஒரு கால் தரையில படியல. யூனிட்லேருந்து நாலு பீங்கான் வில்லை எடுத்துகிட்டு வந்தேன். தட்டையா, கனமா, கல்லு மாதிரி இருக்கும். நாலு காலுக்கும் கீழ வெச்சு மட்டம் பார்த்தேன். ஃபிரிட்ஜ் அசையவே இல்ல.

சத்தம் அதிகமாயிடுச்சு.

கொஞ்ச நேரம் ஒண்ணுமே புரியல. அப்புறம் யூனிட்ல தினமும் பண்ற வேலைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. சூளையிலேருந்து வந்த கோப்பையை விரலால சுண்டிப் பார்ப்போம். "டிங்"குன்னு நீளமாப் பாடினா நல்ல கோப்பை. "டொப்"புன்னா உள்ள விரிசல். நல்ல பீங்கான்னா பாடும்! வாங்கின அதிர்வை அது தின்னாது, அப்படியே அடுத்த பக்கம் கொடுத்துடும். நான் ஃபிரிட்ஜ் காலுக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவுல நாலு பாடகர்களை உட்கார வெச்சிருக்கேன். பதினேழு வருஷம் சுண்டிப் பார்த்த கை, அன்னிக்குத்தான் அந்த டிங்குக்கு இன்னொரு அர்த்தம் இருக்குன்னு கத்துகிட்டுது.

வீணையை யோசிச்சுப் பாருங்க. கம்பியை மட்டும் ரெண்டு ஆணிக்கு நடுவுல கட்டி மீட்டினா பக்கத்துல இருக்கிறவருக்குக்கூடக் கேக்காது. கம்பி மெல்லிசு, அதால காத்தைத் தள்ள முடியாது. குதிரை வழியா அந்த அதிர்வு பலகைக்கும் குடத்துக்கும் போகுது. குடம்தான் சபை முழுக்கக் கேக்க வைக்குது. ஃபிரிட்ஜும் அதேதான். கம்ப்ரஸர்தான் கம்பி. பக்கத் தகடு, அடித்தகடு, அது நிக்கற ஸ்டாண்டு, தரை எல்லாம் குடம். கம்பியைக் குடத்தோட எது சேர்க்குதோ அதைக் கண்டுபிடிச்சுப் பிரிச்சா போதும். கம்ப்ரஸர் ஆடிட்டுப் போகட்டும்.

இது தெளிஞ்ச பிறகும் ஒரு தப்பு பண்ணினேன், சொல்லிடறேன். நீங்க பண்ணக் கூடாதுன்னுதான். சத்தத்தை மூடிடலாம்னு பழைய கம்பளியை நாலா மடிச்சு ஃபிரிட்ஜ் பின்னாடி கம்ப்ரஸரைச் சுத்திச் செருகினேன். ராத்திரி பத்து மணிக்கு நல்ல அமைதி. பன்னண்டு மணிக்கு அதைவிட அமைதி. காலையில பால் திரிஞ்சு கிடந்துச்சு. கம்ப்ரஸர் ஓடறப்ப ஓடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூடு காத்துலதான் போகணும். கம்பளி போட்டு மூடினா சூடு உள்ளேயே ஏறி, ஓஎல்பி கரண்டைக் கட் பண்ணிடும். (ஓவர்லோடு புரொடெக்டர். பக்கத்துல பட்டன் மாதிரி ஒட்டிகிட்டு இருக்கும். எங்க வீட்டுக் கம்ப்ரஸரைக் காப்பாத்தினது அதுதான்.) தெர்மாகோல், சாக்கு, அட்டைப்பெட்டி எதையும் அங்க வைக்காதீங்க. தீப்பிடிக்கிற அபாயமும் இருக்கு. இப்ப வர்ற பல ஃபிரிட்ஜ்ல ஆர்600ஏ கேஸ். அது ஐசோபியூட்டேன், எரியற வாயு.

அம்மா அதுக்குள்ள வேற வழிக்குப் போயிட்டாங்க. "மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பர்கிட்ட ஒரு பிராது கட்டிட்டு வந்துடலாமாப்பா?" எங்க பக்கத்துல தீராத வழக்கு, திருட்டு, குடும்பச் சண்டைன்னா சாமிகிட்ட எழுத்துலயே மனு கொடுக்கறது வழக்கம். அதுக்குப் பேர்தான் பிராது. ஃபிரிட்ஜ் மேல கட்டலாமான்னு கேட்டாங்கன்னா எவ்வளவு தூக்கம் கெட்டிருக்கணும் பாருங்க. எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. ஒரு வாரம் டைம் கொடுங்கம்மான்னேன்.

எங்க யூனிட்ல பால் மில் இருக்கு. பெரிய பீப்பாய்க்குள்ள மண்ணும் தண்ணியும் கூழாங்கல்லும் போட்டு மணிக்கணக்குல உருட்டுவாங்க. நெய்வேலிச் சுரங்கத்துல நிலக்கரிக்கு மேல இருந்து வெட்டி எடுக்கற வெள்ளைமண்ணுதான் எங்க தொழிலுக்கே அம்மா. அந்த மண்ணு அரைபடற சத்தம் இருக்கே, பக்கத்துல நின்னா கத்தித்தான் பேசணும். அந்த மில்லைப் பார்த்துக்கிட்ட பெரியவர் ஒருத்தர் இருந்தார். பேரிங் எது கெட்டிருக்குன்னு பார்க்க ஸ்குரூ டிரைவர் முனையை அதுல வெச்சு, பிடியைக் காதுல ஒத்திக் கேப்பார். டாக்டர் மாதிரி. மில்லோட மேடையைக் கட்டறப்ப, "சுவத்தோட சேர்க்காதீங்கப்பா, நடுவுல நாலு விரக்கடை விடுங்க"ன்னு சண்டை போட்டுக் காலி இடம் விட வெச்சார். அப்ப ஏன்னு யாரும் கேக்கல.

அவரை நெனச்சுகிட்டு மரக் கரண்டி ஒண்ணை எடுத்தேன். (கரண்ட் இருக்கிற இடம், அதனால ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.) ஃபிரிட்ஜ் ஓடறப்ப கரண்டியோட குழியைக் காதுல அழுத்தி, காம்பை ஒவ்வொரு இடமா வெச்சேன்.

கம்ப்ரஸர் ஓட்டு மேல: மெதுவா "ர்ர்ர்"னு ஒரே சீரா ஓடுது. இடிக்கிற சத்தம் துளிகூட இல்ல. ஸ்பிரிங் நழுவல! அந்த நிமிஷம் பாதி பாரம் இறங்குச்சு.

கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கிற அடித்தகடு மேல: "ம்ம்ம்"னு பலமா.

பக்கத் தகடு மேல: அதைவிடப் பலமா.

கம்ப்ரஸரைவிட ஃபிரிட்ஜ் அதிகமாச் சத்தம் போடுது. மாத்தச் சொன்னது கம்ப்ரஸரை!

பிளக்கைப் புடுங்கிட்டு (இது ரொம்ப முக்கியம், ரிலே டெர்மினல் எல்லாம் அங்கதான் இருக்கு) டார்ச் அடிச்சுப் பின்னாடி படுத்தேன். கம்ப்ரஸருக்கு நாலு கால். ஒவ்வொரு காலுக்கும் ஒரு ரப்பர் புஷ். புஷ்ஷுக்கு நடுவுல ஒரு இரும்புக் குழல், அதுக்குள்ள போல்ட். எப்படி இருக்கணும்னா, போல்ட்டு அந்தக் குழலைத்தான் இறுக்கணும். ரப்பர் நசுங்காம, கம்ப்ரஸர் கால் அது மேல மெத்தையில உட்கார்ந்த மாதிரி இருக்கணும். கையால அசைச்சா லேசா அசையணும்.

எங்க வீட்டுல கல்லு மாதிரி நின்னுச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி கேஸ் ஏத்தினப்ப, வந்தவர் கம்ப்ரஸர் ஆடுதேன்னு நல்லா இறுக்கிட்டுப் போயிருக்கார். ரெண்டு புஷ்ல குழலையே காணோம். ரப்பர் சப்பட்டையா நசுங்கி, பதினோரு வருஷச் சூட்டுல காய்ஞ்சு, நகத்தால அழுத்தினா உள்ள போகல. ஒரு மூலையில கம்ப்ரஸர் காலும் அடித்தகடும் நேராவே ஒட்டிகிட்டு இருக்கு. குதிரையும் குடமும் கிடைச்சுடுச்சு!

நல்ல மனசோடதான் இறுக்கியிருப்பார். ஆடற எதையும் இறுக்கணும்னு நம்ம கைக்கு ஒரு பழக்கம். கட்டில் ஆடினா இறுக்கு, ஃபேன் ஆடினா இறுக்கு. கம்ப்ரஸர் மட்டும் விதிவிலக்கு. ரப்பரோ ஸ்பிரிங்கோ அதிர்வைத் தடுக்கணும்னா அது நெகிழ்வா இருந்தே ஆகணும். தாங்கி நிக்கற மெத்தைக்கு இயல்பா ஒரு ஆட்ட வேகம் உண்டு. மெஷினோட வேகம் அதைவிட ஏறக்குறைய ஒன்னரை மடங்குக்கு மேல போனாத்தான் தடுப்பே ஆரம்பிக்கும். மெத்தை விறைக்க விறைக்க அதோட இயல்பு வேகம் மேல ஏறிகிட்டே வரும். ரெண்டும் ஒண்ணாயிட்டா தடுக்கறதுக்குப் பதிலா ஊஞ்சலைத் தள்ளி விடற மாதிரி கூட்டிக் கொடுக்கும்.

கடைவீதியில ஃபிரிட்ஜ் சாமான் விக்கிற கடையில நாலு புஷ் வாங்கினேன். நாலும் சேர்த்து நூறு ரூபாய்க்குள்ளதான் ஆச்சு. மாத்தறப்ப ஒரு விஷயம் கவனிக்கணும். கம்ப்ரஸரை ஒரேயடியாத் தூக்கக் கூடாது. செப்புக் குழாய் அதோட ஒட்டியிருக்கு, வளைஞ்சு நசுங்கினா கேஸ் போயிடும். ஒரு மூலையை மட்டும் மரக்கட்டை கொடுத்து ஒரு விரக்கடை நெம்பி, ஒரு புஷ் மாத்தி, அப்புறம் அடுத்த மூலை. பயமா இருந்தா தெரிஞ்சவரை விட்டே மாத்துங்க. ஆனா பக்கத்துல நின்னு பாருங்க.

அங்கேயே இன்னும் ரெண்டு காரணம் அகப்பட்டுச்சு. செப்புக் குழாய் ஒண்ணு பின்பக்கக் கம்பி வலையைத் தொட்டுகிட்டு நின்னுச்சு. விரலால மெல்ல ஒரு நூல் அளவு நகர்த்தினேன், அவ்வளவுதான். அப்புறம் கம்ப்ரஸர் தலை மேல ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், ஐஸ் உருகின தண்ணி அதுல விழுந்து கம்ப்ரஸர் சூட்டுலயே ஆவியாகும். அதோட கொக்கி ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு. கிளம்பறப்ப கேட்ட "கடகட" அந்தத் தட்டோடது.

நாலாவது காரணம் எங்க ஊருக்கே உரியது. பின்பக்கம் கறுப்பு வலை இருக்கணும், எங்களுது வெள்ளை வலை! பதினோரு வருஷ மண்ணுத்தூசி. என் சட்டையில ஒட்டிகிட்டு வந்ததும் அதுல சேர்த்தி. அந்த வலை வழியாத்தான் உள்ள இருக்கிற சூடு வெளியே போகணும். தூசி மூடினா அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் மூச்சு வாங்கும், அதிக நேரம் ஓடும். மே மாசம் எங்க ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி எடுத்தேன், ஒரு முறம் தேறுச்சு.

(எங்க ஊர்ப் பழமலைநாதர் கோயில்ல எல்லாம் அஞ்சு அஞ்சாச் சொல்வாங்க. அஞ்சு கோபுரம், அஞ்சு நந்தி, அஞ்சு தீர்த்தம், அஞ்சு தேர். எனக்கு நாலுதான் கிடைச்சுதுன்னு அம்மாகிட்ட சொன்னேன். "அஞ்சாவது இருக்கும், தேடு"ன்னாங்க. தேடினேன்.)

ஃபிரிட்ஜ் தலை மேல கொலு பொம்மை ரெண்டு, ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் தூக்கு. எல்லாம் இறங்குச்சு. பீங்கான் வில்லைக்குப் பதிலா காலுக்குக் கீழ ரப்பர் பட்டை வந்துச்சு. போன்ல சத்தம் அளக்கற ஆப் போட்டுக் கட்டில் பக்கத்துல வெச்சேன். போன் காட்டற எண்ணைச் சத்தியம்னு எடுத்துக்க முடியாது, முன்னாடி பின்னாடி ஒப்பிட உதவும். முதல்ல 47 காட்டினது இப்ப 39. பத்து டெசிபல் குறைஞ்சா காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரித் தெரியும்னு ஒரு கணக்கு. அதுக்குக் கிட்டத்துல வந்துட்டோம். (குடியிருப்புப் பகுதியில ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் 45 டெசிபலுக்கு மேல போகக் கூடாதுன்னு 2000ஆம் வருஷ ஒலி மாசு விதி சொல்லுது. அது தெருவுக்கு. எங்க கூடத்துக்குள்ளேயே 47 இருந்திருக்கு.)

ஆனாலும் அம்மா, "குறைஞ்சிருக்குப்பா, ஆனா இருக்கு"ன்னாங்க. நான் நின்ன இடத்துல கேக்கவே இல்ல. அவங்க தலையணையில தலை வெச்சா கேக்குது. ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்!

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது. எங்க கூடத்து நீளம் பதினொன்னரை அடி, சுமார் மூன்றரை மீட்டர். வெயில் காலத்துக் காத்துல சத்தம் நொடிக்கு 350 மீட்டர் போகும். நொடிக்கு 100 தடவை அதிர்ற சத்தத்தோட ஒரு அலைக்கு நீளம் எவ்வளவு? 350ஐ 100ஆல வகுத்தா மூன்றரை மீட்டர். அப்படியே கூடத்து நீளம்! சத்தம் ரெண்டு சுவருக்கும் நடுவுல போய் மோதித் திரும்பி, தன் மேலேயே தான் ஏறி, நகராத அலையா நிக்குது. அந்த மாதிரி நிக்கற அலையில சுவர் ஓரத்துலயும் நட்ட நடுவுலயும் சத்தம் உச்சம். சுவர்லேருந்து கால்வாசித் தூரத்துல, மூணு அடி கிட்ட, சத்தம் ரொம்பக் கம்மி. ஃபிரிட்ஜ் இருக்கிறது ஒரு சுவர் ஓரம், அதுவும் மூலையில. மூலைதான் அலையைக் கிளப்ப நல்ல இடம். அம்மா தலை இருக்கிறது எதிர்ச் சுவர் ஓரம்.

கட்டிலை மூணு அடி முன்னால இழுத்தேன். ஃபிரிட்ஜை மூலையிலேருந்து ஒரு முழம் தள்ளினேன்.

அம்மா படுத்தாங்க. கொஞ்ச நேரம் பேசல. "நிறுத்திட்டியா?"ன்னு கேட்டாங்க.

ஓடிகிட்டுதான் இருந்துச்சு.

இதுக்கு நடுவுல ராத்திரியெல்லாம் படிச்சதுல ஒரு கதை என்னை விடல, சொல்லிடறேன். சத்தமே போடாத ஃபிரிட்ஜ் நூறு வருஷம் முன்னாடியே இருந்திருக்கு. 1922ல ஸ்வீடன்ல பிளாட்டன், முன்டர்ஸ்னு ரெண்டு மாணவர்கள் சூட்டை வெச்சே குளிரை உண்டாக்கற ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. பிஸ்டன் கிடையாது, மோட்டார் கிடையாது. ஒரு சின்ன நெருப்பு, அமோனியா, தண்ணி, ஹைட்ரஜன். எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி வித்துது. அமெரிக்காவுல செர்வெல்னு ஒரு கம்பெனி பண்ணுச்சு. அதே நேரத்துல 1927ல ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி மோட்டாரையும் பிஸ்டனையும் ஒரே ஓட்டுக்குள்ள வெச்சு மூடின 'மானிட்டர் டாப்' ஃபிரிட்ஜைக் கொண்டு வந்துச்சு. கம்ப்ரஸர் தலை மேல கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கும். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்னு ஒரு வரலாற்று ஆசிரியை, ஃபிரிட்ஜுக்கு ரீங்காரம் எப்படி வந்துச்சுங்கற தலைப்புலயே கட்டுரை எழுதியிருக்காங்க. ரீங்காரம் போடற ஃபிரிட்ஜ் ஜெயிச்சதுக்குக் காரணம் அது மேலானதுங்கறதைவிட, அதை வித்தவங்க கையில பணமும் விளம்பரமும் கரண்ட் கம்பெனிங்களோட ஆதரவும் இருந்ததுதான்னு அவங்க வாதம். கரண்ட் செலவுன்னு பார்த்தா கம்ப்ரஸர்தான் சிக்கனம், அதையும் சொல்லணும். ஆனா ராத்திரி அமைதிக்கு யாரும் விளம்பரம் பண்ணலங்கறது எனக்கு உறைச்சுது.

இன்னொண்ணு. ஐன்ஸ்டைன் ஃபிரிட்ஜ் பண்ணியிருக்கார், தெரியுமா? பெர்லின்ல ஒரு குடும்பமே ஃபிரிட்ஜ்லேருந்து கசிஞ்ச விஷ வாயுவால செத்துப் போன செய்தியைப் படிச்சு மனசு கேக்காம, லியோ சிலார்டோட சேர்ந்து, கசியறதுக்கு இடமே இல்லாத ஃபிரிட்ஜ் பண்ணக் கிளம்பினார். 1930ல ஒண்ணுக்கு அமெரிக்கப் பேடண்டும் கிடைச்சுது. அவங்க யோசிச்ச இன்னொரு வகையில பிஸ்டனுக்குப் பதிலா, உருகின உலோகத்தைக் காந்த விசையால ஓட வைக்கற பம்ப். நகர்ற இரும்பு எதுவும் இல்ல, அப்ப அமைதியா இருக்கணும்ல? செஞ்சு ஓட்டினா நரி ஊளையிடற மாதிரி இருந்துச்சாம்! பின்னாடி நோபல் பரிசு வாங்கின டென்னிஸ் காபர் அப்படித்தான் சொல்லியிருக்கார். சுருளையும் மின்னழுத்தத்தையும் மாத்தி மாத்திக் குறைச்சுப் பார்த்திருக்காங்க, ஆனா அது கடைக்கு வரவே இல்ல. அவ்வளவு பெரிய மூளைங்களும் கடைசியில ஒரு பம்போட சத்தத்தோட மல்லுக்கட்டியிருக்காங்கன்னு படிச்சப்ப, ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டியும் காதுமா உட்கார்ந்திருந்த எனக்குப் பெரிய தெம்பு.

புதுசா வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் நிஜமாவே அமைதி. ஒரே வேகத்துல ஓடி நிக்கறதுக்குப் பதிலா, தேவைக்கு ஏத்த மாதிரி மெதுவா ஓடிகிட்டே இருக்கும். அந்த உதறலும் "டக்"கும் குறையும். ஆனா கதவைத் திறந்து திறந்து மூடினா வேகம் ஏறும், சுருதியும் ஏறும். கடையில எந்தச் சத்தமும் தெரியாது. பெரிய ஹால், ஏசி, பாட்டு, அதுல பாதி ஃபிரிட்ஜ் ஓடறதே இல்ல. ஓட்டிக் காட்டுங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

ஐரோப்பாவுல 2021லேருந்து ஃபிரிட்ஜ் லேபிள்லயே சத்தத்துக்குத் தரம் போடறாங்க. 30 டெசிபலுக்குக் கீழ இருந்தா 'ஏ', 42ம் அதுக்கு மேலயும் போனா 'டி'. நம்ம நட்சத்திர லேபிள்ல வருஷத்துக்கு எவ்வளவு யூனிட்னு இருக்கு, எவ்வளவு சத்தம்னு இல்ல. நம்ம வீடுங்கள்ல ஃபிரிட்ஜ் எங்க நிக்குது? பாதி வீட்டுல கூடத்துல. அந்தக் கூடத்துலதான் பெரியவங்க படுக்கறாங்க, பிள்ளைங்க படிக்குதுங்க. சமையலறைக் கதவைச் சாத்திட்டு மாடியில போய்ப் படுக்கற ஊர்க்காரங்களுக்கு அந்த எண் தேவைன்னா நமக்கு ரெண்டு மடங்கு தேவை. ஶ்ரீபெரும்புதூர்ல 1,588 கோடி ரூபாயில கம்ப்ரஸர் தொழிற்சாலை வருதுன்னு சாம்சங் அறிவிச்சது ஞாபகம் இருக்கும். நம்ம ஊர்ப் பிள்ளைங்க கையிலேயே கம்ப்ரஸர் உருவாகற காலம். ஒரு எண்ணை லேபிள்ல அச்சடிக்கச் சொல்லிக் கேக்கறது பெரிய ஆசையாத் தெரியல எனக்கு.

சில சத்தத்துக்குப் பயப்படவே வேண்டாம், அதையும் சொல்லிடறேன். கம்ப்ரஸர் நின்னதும் "சலசல"ன்னு தண்ணி ஓடற மாதிரி கேக்கறது, கேஸ் மெல்லிய குழாய் வழியா அடங்கறது. "பட்"டுன்னு எப்பவாவது வர்றது, உள்ள பிளாஸ்டிக் சில்லுல சுருங்கறது. "ம்ம்ம்"னு பத்து விநாடி முக்கிட்டு "டக்", கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்ப முக்கிட்டு "டக்"குன்னா மட்டும் உடனே பிளக்கைப் புடுங்குங்க. வோல்டேஜ் கம்மியா இருக்கலாம், இல்ல ரிலே போயிருக்கலாம். இந்த ரெண்டும் இல்லன்னு தெரிஞ்ச பிறகு கம்ப்ரஸரைச் சந்தேகப்படலாம்.

எங்க வீட்டுல இன்னும் நிக்கறப்ப ஒரு "டக்" இருக்கு. அது உள்ள தொங்கற மோட்டார் கடைசியா ஒரு ஆட்டம் ஆடி ஸ்பிரிங்ல உட்கார்றது. அதுல கை வைக்க முடியாது. அம்மாகிட்ட சொன்னேன், கேட்டுகிட்டாங்க.

டைல்ஸ் வேலை நேத்து முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜைச் சமையக்கட்டுக்கு நகர்த்தணும். இந்தத் தடவை நிக்க வெச்சபடியே, நாலு பேரா. அதைச் சொல்லத்தான் அம்மாகிட்ட போனேன். கட்டில்ல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுகிட்டு இருந்தாங்க.

"இங்கேயே இருக்கட்டும்ப்பா. தண்ணி எடுக்கக் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு"ன்னாங்க.